பெயர்களை எங்கே எழுதினேன்?

புதுக் கணினிக்கு மாறிய அன்று இரவு, பழைய படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஸ்கேன்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது, ஒரு படமும் கெடவில்லை. பெயர்களைத்தான் காணோம்.

அந்தப் பெயர்களுக்காக ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆல்பத்தில் இருந்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து, திரையில் பெரிதாக்கி, “இது யாரு பெரியம்மா?” என்று கேட்பேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பார். சில பெயர்கள் உடனே வரும். சில, “இரு, சொல்றேன்” என்பதோடு நின்று அடுத்த வாரம்தான் வரும். வந்ததையெல்லாம் படங்களை நிர்வகிக்கும் ஒரு மென்பொருளில் ஏற்றினேன். தலைப்பு, விளக்கம், குறிச்சொல் என்று வரிசையாகப் பெட்டிகள். எழுதி என்டர் தட்டினால் எழுத்து பெட்டியிலேயே நிற்கும். மூடித் திறந்தாலும் நிற்கும். அப்படியென்றால் படத்தில் ஏறிவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

ஏறியது படத்தில் இல்லை. அந்த மென்பொருள் ஏதோ ஒரு மறைவான ஃபோல்டரில் தனக்கென்று வைத்திருந்த தரவுத்தளத்தில். நான் எடுத்து வந்தது படங்கள் இருந்த ஃபோல்டரை மட்டும். பழைய கணினியை ஃபார்மட் அடித்து ஒருவருக்குக் கொடுத்தும் ஆயிற்று.

மென்பொருளில் பிழை எதுவும் இல்லை என்பதுதான் பெரிய எரிச்சல். அமைப்புப் பக்கத்தின் ஒரு மூலையில், ‘மெட்டாடேட்டாவைக் கோப்பிலும் எழுது’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்திருக்கிறது. மெட்டாடேட்டா என்றால் படத்தைப் பற்றிய குறிப்புகள். டிக் அடிக்காமல்.

அப்படித் தனியாக வைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பத்தாயிரம் படங்களில் ஒருவரைத் தேட ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படித்தால் விடிந்துவிடும். தரவுத்தளத்தைக் கேட்டால் நொடியில் சொல்லும். மூலக் கோப்பைத் தொடாமல் விடுவதும் ஒரு பாதுகாப்புதான். படங்களை நிர்வகித்துத் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக், உள்ளே எஸ்க்யூலைட் என்ற வகைத் தரவுத்தளம். அதே வகை மென்பொருள்களான டார்க்டேபிள், டிஜிகேம் இரண்டிலும் அப்படி ஒன்று உண்டு. கூகுள் ஃபோட்டோஸில் எழுதிய விளக்கம் டேக்அவுட் என்ற அவர்களுடைய தரவிறக்க வசதி வழியாக வெளியே வரும்போது, படத்தின் பக்கத்தில் ஜேசன் என்ற தனி உரைக் கோப்பாக வந்து விழும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

போனது போகட்டும், மறுபடி உட்கார்வதற்கு முன்னால் எழுதுவது எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு ஜேபெக் படத்தை, கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன்.

முதல் இரண்டு பைட் எஃப்எஃப் டி8. எந்த ஜேபெக்கைத் திறந்தாலும் இதுதான் பிள்ளையார் சுழி. அதற்குப் பிறகு பகுதி பகுதியாக வரும். ஒவ்வொரு பகுதியும் எஃப்எஃப் என்று தொடங்கும். அடுத்த பைட் அது என்ன வகை என்று சொல்லும். அதற்கடுத்த இரண்டு பைட் நீளம். எஃப்எஃப் இ1 என்றால் எக்ஸிஃப், இல்லாவிட்டால் எக்ஸ்எம்பி; இரண்டும் குறிப்பு எழுதும் முறைகள். எஃப்எஃப் இடி என்றால் ஃபோட்டோஷாப் தன் சாமான்களை வைக்கும் அறை. ஐபிடிசி குறிப்புகள் அதற்குள்ளே. எஃப்எஃப் டிஏ வந்த பிறகுதான் படத்தின் அமுக்கப்பட்ட தரவு ஓட ஆரம்பிக்கும். எஃப்எஃப் டி9இல் கதை முடியும்.

இதைப் பார்த்ததும் ஒரு பழைய பயம் போய்விட்டது. ஜேபெக்கைச் சேமிக்கச் சேமிக்கத் தரம் குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். படத்தை அவிழ்த்துத் திரும்ப அமுக்கினால் குறையத்தான் செய்யும். ஆனால் விளக்கம் எழுதும்போது முன்பக்கத்துப் பகுதிகள் மட்டுமே மாறுகின்றன. எஃப்எஃப் டிஏவுக்குப் பிந்தைய பைட்டுகள் அப்படியே புதுக் கோப்புக்கு நகல் ஆகின்றன. இந்தக் குறிப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில், படத் தரவுக்கு மட்டும் ஹாஷ், அதாவது கைரேகை போன்ற ஓர் எண், கணக்கிடும் வசதி இருக்கிறது. விளக்கம் எழுதுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றே. கோப்பு முழுவதற்குமான ஹாஷ் மட்டும் மாறியிருந்தது. பேக்கப் மென்பொருள் பார்ப்பது இந்த இரண்டாவதைத்தான். ஒரு குறிச்சொல் சேர்த்தால், முப்பது எம்பி படத்தைப் புதுப் படம் என்று நினைத்து மறுபடி மேலே ஏற்றும். நெட் ஏன் நகரவில்லை என்று ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறேன்.

நீளத்துக்கு இரண்டே பைட் என்றேன் அல்லவா, அதனால் எந்தப் பகுதியும் 65,535 பைட்டைத் தாண்ட முடியாது. நீளம் எழுதிய அந்த இரண்டு பைட்டும் கணக்கில் சேர்த்தி. எக்ஸ்எம்பி அதைவிடப் பெருத்துவிட்டால் துண்டு துண்டாக வெட்டி அடுத்தடுத்த பகுதிகளில் வைப்பார்கள்.

பெயர்கள் மூன்று வந்துவிட்டன, கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எக்ஸிஃப் கேமரா ஆட்களுடையது. ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கமான ஜெய்டா 1995இல் முதல் பதிப்பை வெளியிட்டது. ஐபிடிசி பத்திரிகைக்காரர்களுடையது, செய்தி நிறுவனங்கள் படத்தோடு விளக்கத்தையும் நிருபர் பெயரையும் அனுப்ப 1990களின் தொடக்கத்தில் உருவானது. எக்ஸ்எம்பி அடோபி 2001இல் கொண்டுவந்தது. 2012இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது. மூன்றும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு தேவைக்காகச் செய்தவை. மூன்றும் ஒரே கோப்புக்குள் குடித்தனம் நடத்துகின்றன.

எக்ஸிஃபின் உள்கட்டு டிஃப் என்ற பட வடிவத்திலிருந்து வந்தது. தொடக்கத்தில் ‘ஐஐ’ அல்லது ‘எம்எம்’ என்று இரண்டு எழுத்து. இன்டெல் முறையில் பைட்டைப் படிப்பதா, மோட்டரோலா முறையிலா என்று அதை வைத்துத்தான் முடிவு. பிறகு 42 என்ற எண். பிறகு பன்னிரண்டு பன்னிரண்டு பைட்டாக ஒரு அட்டவணை: குறி எண், வகை, எத்தனை, மதிப்பு. மதிப்பு நான்கு பைட்டுக்குள் அடங்கினால் அங்கேயே இருக்கும். அடங்காவிட்டால் ‘இத்தனையாவது பைட்டில் போய்ப் பார்’ என்று முகவரி மட்டும் இருக்கும். தேதிக்கு இருபது பைட் வேண்டும், எனவே முகவரிதான்.

வில்லங்கம் இந்த முகவரியில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு விளக்கத்தை நீட்டினால் பின்னால் இருப்பதெல்லாம் நகரும். நகர்ந்த ஒவ்வொன்றுக்கும் முகவரியைத் திருத்த வேண்டும். தெரிந்த குறிகளுக்குத் திருத்திவிடலாம். கேமரா நிறுவனங்கள் ‘மேக்கர்நோட்’ என்று ஒரு மூட்டை வைத்திருக்கின்றன. லென்ஸ் விவரம், ஃபோகஸ் புள்ளி என்று அவரவர் ரகசியங்கள் அதில் இருக்கும். அதன் அமைப்பைப் பெரும்பாலும் யாரும் வெளியிட்டதில்லை. உள்ளே இருக்கும் முகவரிகள் பல கேமராக்களில் எக்ஸிஃபின் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டவை. மூட்டையை அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைத்தால், உள்ளே இருக்கும் முகவரிகள் எல்லாம் பழைய வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். படம் நன்றாகத்தான் திறக்கும். லென்ஸ் பெயர் மட்டும் குப்பையாகிவிடும். 2003 முதல் எக்ஸிஃப்டூலை எழுதிவரும் ஃபில் ஹார்வி ஒவ்வொரு நிறுவனத்தின் மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்து முகவரிகளைத் திருத்தும் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறார். ஒரு மனிதர் இத்தனை பொறுமையாக இருக்க முடியுமா என்று நான் அவ்வப்போது வியப்பதுண்டு.

எக்ஸ்எம்பிக்கு இந்தத் தலைவலி இல்லை. அது வெறும் எக்ஸ்எம்எல் உரை. அதில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு உண்டு: உரை முடிந்த பிறகு, இறுதிக் குறிக்கு முன்னால், இரண்டு மூன்று கிலோபைட் வெற்றிடம் விட்டிருப்பார்கள். வெறும் ஸ்பேஸ்களும் புதுவரிகளும். பின்னால் யாராவது நாலு சொல் சேர்த்தால் அந்த வெற்றிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், கோப்பு முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. தையல்காரர் சட்டையின் உள்பக்கம் துணி விட்டுத் தைப்பது போல.

இப்போது தகராறுக்கு வருவோம். ‘விளக்கம்’ என்று திரையில் ஒரு பெட்டிதான் இருக்கிறது. கோப்புக்குள் அதற்கு மூன்று இடம். எக்ஸிஃபில் ஒன்று, ஐபிடிசியில் ஒன்று, எக்ஸ்எம்பியில் ஒன்று. விண்டோஸ் எக்ஸிஃபுக்குள்ளேயே தனக்கென்று இன்னொரு குறியும் வைத்திருக்கிறது. ஒழுங்கான மென்பொருள் எல்லாவற்றிலும் ஒரே வாசகத்தை எழுதும். பழைய மென்பொருள் ஐபிடிசியை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடும். அடுத்து திறப்பவருக்கு எது புதியது என்று எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு உபாயம் செய்திருக்கிறார்கள். எக்ஸ்எம்பியையும் ஐபிடிசியையும் சேர்த்து எழுதும்போது, ஐபிடிசிப் பகுதியின் எம்டி5 என்ற ஹாஷ் கைரேகையை, பதினாறு பைட், ஃபோட்டோஷாப் அறையில் ஓர் ஓரமாக வைத்துவிடுவார்கள். அடுத்த முறை திறக்கும்போது திரும்பக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கைரேகை ஒத்துப்போனால் ஐபிடிசியை யாரும் தொடவில்லை, எக்ஸ்எம்பியை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் எக்ஸ்எம்பி தெரியாத யாரோ நடுவில் வந்து போயிருக்கிறார்கள் என்று பொருள். அடோபி, ஆப்பிள், கேனன், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் கூடி அமைத்த மெட்டாடேட்டா பணிக்குழு 2010இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த முறையைப் பரிந்துரைத்தது. வழிகாட்டிதான், சட்டம் இல்லை. பின்பற்றாத மென்பொருள்களும் உண்டு.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் தனிக் கூத்து ஒன்று காத்திருக்கிறது. ஐபிடிசியில் குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் உச்சவரம்பு. படம் எடுத்தவர் பெயருக்கு 32. எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். மெய்ப்புள்ளி தனி, உயிர்மெய்யின் துணைக்குறி தனி. ‘பள்ளிக்கூட ஆண்டு விழாக்கள்’ என்று ஒரு குறிச்சொல் வைத்திருந்தேன். எண்ணிப் பாருங்கள்: ‘பள்ளிக்கூட’ முப்பது பைட், ஸ்பேஸ் ஒன்று, ‘ஆண்டு’ பதினைந்து, ஸ்பேஸ் ஒன்று, ‘விழா’ பன்னிரண்டு. ஐம்பத்தொன்பது. அடுத்த ‘க’வோடு அறுபத்திரண்டு. அதன் தலையில் வைக்க வேண்டிய புள்ளிக்கு மூன்று பைட் வேண்டும், இருப்பதோ இரண்டு. ஒரு மென்பொருள் கத்தியை அங்கேயே வைத்தது. ‘பள்ளிக்கூட ஆண்டு விழாக’ என்று வந்து, அதற்குப் பிறகு கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. எழுத்து முறிந்த கதை கேள்விப்பட்டிருக்கிறேன், புள்ளி முறிந்ததை அன்றுதான் பார்த்தேன். எக்ஸ்எம்பியில் அதே சொல் முழுசாக இருந்தது, அங்கே அந்த வரம்பு இல்லை.

எக்ஸிஃப் இன்னும் மோசம். விளக்கத்துக்கான குறியின் வகை ஆஸ்கி. அதாவது விதிப்படி ஆங்கில எழுத்து மட்டும். பலரும் விதியைப் பார்க்காமல் யூடிஎஃப்-8ஐ உள்ளே தள்ளுகிறார்கள், பலரும் அதைச் சரியாகவே படித்துவிடுகிறார்கள். படிக்கத் தெரியாதவற்றில் தலையில் கோடு முளைத்த ‘ஏ’க்கள் வரிசையாக நிற்கும். 2023இல் வந்த எக்ஸிஃப் 3.0தான் முதல்முறையாக யூடிஎஃப்-8க்கு ஒரு முறையான இடம் கொடுத்தது. 1995இலிருந்து எண்ணினால் இருபத்தெட்டு வருடம்.

தேதி இன்னொரு பாடு. ஸ்கேன் செய்த படத்துக்கு இரண்டு தேதி இருக்க வேண்டும்: படம் எடுத்த நாள், ஸ்கேன் செய்த நாள். எக்ஸிஃபில் இரண்டுக்கும் தனித்தனிக் குறி இருக்கிறது, கோப்பு மாறிய நேரத்துக்கு மூன்றாவதாக ஒன்றும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரியம்மா சொல்வது “அறுபத்தெட்டு இருக்கும்” என்றுதான். எக்ஸிஃபுக்கு அது போதாது; மாதம், நாள், மணி, நிமிடம், நொடி வரை வேண்டும். தெரியாவிட்டால் வெற்றிடமாக விடலாம் என்று விதியில் இருக்கிறது. என் மென்பொருள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜனவரி ஒன்று, நள்ளிரவு என்று தானாகவே நிரப்பியது. அந்தக் கணக்குப்படி எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் புத்தாண்டு பிறக்கும் நொடியில் நல்ல வெயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள். ஐபிடிசி இதில் பெருந்தன்மை: 19680000 என்று எழுதலாம், தெரியாத மாதத்துக்கும் நாளுக்கும் சுழியம். செய்தித்தாள்காரர்களுக்குத் தெரியாத தேதியின் அருமை தெரிந்திருக்கிறது. எக்ஸ்எம்பியில் 1968 என்று மட்டும் எழுதி நிறுத்திவிடலாம்.

கேமரா பதிவு செய்த மூலத் தரவான ரா கோப்புகளைப் பெரும்பாலும் யாரும் உள்ளே திறந்து எழுத விரும்புவதில்லை, அமைப்பு கேமரா நிறுவனத்தின் ரகசியம் என்பதால். எனவே பக்கத்தில் ஒரு துணைக்கோப்பு, எக்ஸ்எம்பி என்ற பின்னொட்டோடு. லைட்ரூம் பழைய பின்னொட்டை எடுத்துவிட்டு இதைப் போடும். டார்க்டேபிள் முழுப்பெயருக்குப் பின்னால் ஒட்டும், அதனால் ஒன்று எழுதியது இன்னொன்றின் கண்ணில் அதே பெயரில் படாது. படத்துக்குப் பெயர் மாற்றி, துணைக்கோப்புக்கு மாற்ற மறந்தால் இரண்டும் பிரிந்துவிடும். டார்க்டேபிள் ஜேபெக்குக்கும் இப்படித்தான் செய்கிறது, மூலத்தைத் தொடுவதே இல்லை.

லைட்ரூம் எழுதிய துணைக்கோப்பை ஒரு நாள் நோட்பேடில் திறந்து பாருங்கள். குறிச்சொற்களோடு நீங்கள் செய்த திருத்தங்களும் எழுத்தாகவே இருக்கும்: வெளிச்சம் கூட்டல் 0.35, நிழல் கூட்டல் 20, இந்த மூலையிலிருந்து இந்த மூலை வரை வெட்டு. படத்தில் ஒரு புள்ளியும் மாறியிருக்காது. சமையல் குறிப்பு மட்டும் எழுதி வைத்துவிட்டு, கேட்கும்போதெல்லாம் புதிதாகச் சமைத்துக் காட்டுகிறார்கள். ஒருவர் குறிப்பை வைத்து இன்னொருவர் சமைத்தால் அதே ருசி வராது. எழுதிய சொல் இருவருக்கும் விளங்கும், எண்ணுக்கு அவரவர் கணக்கு வேறு.

கோப்புக்குள்ளே எழுதுவது என்று முடிவு செய்த பிறகும் சில அடிகள் வாங்கினேன். ஒரு ஸ்கேனின் ஓரத்தில் என் கட்டைவிரல் விழுந்திருந்தது. வெட்டி எறிந்து சேமித்தேன். பெரிதாகத் திறந்தால் விரல் இல்லை. பட்டியலில் பார்த்தால் இருக்கிறது. எக்ஸிஃபுக்குள் ஒரு குட்டி ஜேபெக், பெரும்பாலும் 160க்கு 120 புள்ளி அளவில், முன்னோட்டமாகத் தனியாக இருக்கும். வெட்டிய மென்பொருள் அதைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. என் விஷயத்தில் விரல்தான், சிரித்துவிட்டுப் போகலாம். வெட்டி எறிந்த பகுதியில் வெளியே தெரியக்கூடாத ஏதாவது இருந்திருந்தால்?

படம் சாய்ந்து நிற்பதும் இதே வகை. நிமிர்த்துவதற்கு இரண்டு வழி: புள்ளிகளையே திருப்புவது, அல்லது ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃபில் 1 முதல் 8 வரை ஓர் எண்ணை மட்டும் எழுதுவது. ஒரு மென்பொருள் புள்ளிகளைத் திருப்பியது; 6 என்ற பழைய எண்ணை 1 ஆக மாற்றாமல் விட்டது. அடுத்த மென்பொருள் அந்த 6ஐ நம்பி இன்னொரு முறை திருப்பியது. நான் அதை நிமிர்த்தப் போய்... விடுங்கள்.

எழுதும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். எக்ஸிஃப்டூல் புதுக் கோப்பை முழுசாக எழுதி முடித்த பிறகுதான் பெயரை மாற்றும். பழையதை ‘ஒரிஜினல்’ என்ற ஒட்டோடு பக்கத்தில் வைத்துவிட்டும் போகும். முதலில் ஃபோல்டர் இரட்டிப்பாகிறதே என்று அலுத்துக்கொண்டேன். இப்போது அலுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. பெரியம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது கோபப்படவில்லை, “நான்தான் இருக்கேனே, கேளு” என்றார். இந்த முறை ஒவ்வொரு படத்துக்கும் எழுதி முடித்ததும் மென்பொருளை மூடிவிட்டு, படத்தை எக்ஸிஃப்டூலில் ஓட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். திரையில் தெரிவதை நம்புவதில்லை. முதல் படத்தில் அதைவிட ஒருபடி மேலே போய், ஜேபெக்கைச் சாதாரண உரை எடிட்டரில் திறந்து காட்டினேன். திரை முழுக்கச் சாய்சதுரங்களும் கேள்விக்குறிகளும். கொஞ்சம் கீழே இறங்கினால், அந்தக் குப்பைக்கு நடுவில், எக்ஸ்எம்எல் குறிகளுக்குள், அவர் பெயர் சுத்தமான தமிழில்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சின்ன ‘ர’ போட்டிருக்கே. எனக்குப் பெரிய ‘ற’” என்றார்.

திருத்தினேன். இரண்டுக்கும் மூன்று மூன்று பைட்தான். மூன்று இடத்திலும் தேடிப் பார்த்தேன்: எக்ஸிஃபில் மாறியிருந்தது, எக்ஸ்எம்பியில் மாறியிருந்தது. ஐபிடிசியில் இன்னும் சின்ன ‘ர’.